மூணு வயர் போதுமா? பில் பிரிண்டர் 30 வரிக்கு மேல் வரிகளை முழுங்குகிறது

14 செப்டம்பர் 2025, ஞாயிறு, இரவு 9.40 | கேள்வி கேட்டவர்

வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கிறோம். பில்லுக்கு இரட்டைத் தாள் போடும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், சீரியல் கேபிள். பழைய கம்ப்யூட்டர் போன மாதம் படுத்துவிட்டது. புதியதில் சீரியல் போர்ட் இல்லாததால் யுஎஸ்பி அடாப்டர் வாங்கினேன். பழைய கேபிளின் தலை உடைந்திருந்தது, தெரிந்த பையன் ஒருவன் புதுசாகச் செய்து கொடுத்தான்.

சின்ன பில் சுத்தமாக வருகிறது. முப்பது வரிக்கு மேல் போனால் கந்தல். துவரம் பருப்பின் பெயருக்கு எதிரே மிளகாய் விலை நிற்கிறது. நேற்று 61 வரி பில்லில் மொத்தத் தொகையே வரவில்லை. பையன் சொல்கிறான்: சீரியலுக்கு மூணு வயர் போதும், அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, எர்த் ஒன்று, கேபிள் சரி, பிரிண்டர்தான் கிழடு. அப்படியா? தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம்தான்.

14 செப்டம்பர், இரவு 11.15 | பதில் சொல்பவர்

பிரிண்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தம்பி. அது பாவம் கத்திக்கொண்டுதான் இருக்கிறது, உங்கள் கேபிளில் அதைக் கேட்க ஆள் இல்லை.

கணக்குப் போடுவோம். விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்துக்கு 8 பிட், முன்னால் ஸ்டார்ட் ஒன்று, பின்னால் ஸ்டாப் ஒன்று, ஆக 10. விநாடிக்கு 960 எழுத்து வந்து விழுகிறது. பிரிண்டர் 40 எழுத்து வரியை விநாடிக்கு ஐந்து அடித்தால் 200 எழுத்து. மிச்சம் 760 பிரிண்டருக்குள் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் தேங்குகிறது. பஃபர் 1 கேபி என்றால் 1.35 விநாடியில் நிரம்பிவிடும். அதற்குள் கம்ப்யூட்டர் தள்ளிவிட்டது சுமார் 1290 எழுத்து. 40-ஆல் வகுத்தால் 32 வரி.

உங்கள் முப்பது வரி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? அதற்கு மேல் வருவதில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் இடம், மற்றதைப் பிரிண்டர் கீழே விடுகிறது. பருப்பின் தலையும் மிளகாயின் வாலும் ஒட்டிக்கொள்வது அதனால்தான்.

14 செப்டம்பர், இரவு 11.50

சொல்ல விட்டுப்போனது. வாழை இலையில் சாப்பிடும்போது கையை இலைக்கு மேல் நீட்டி ‘போதும்’ என்போமே, சீரியலில் ஹேண்ட்ஷேக் என்பது அதுதான். கை நீட்ட ஒரு வழி வேண்டும், பரிமாறுபவர் அதைப் பார்க்கவும் வேண்டும். உங்கள் கடையில் எது இல்லை என்று நாளைக்குப் பார்ப்போம். எனக்குக் காலையில் வேலை.

15 செப்டம்பர், திங்கள், மாலை 6.05

அவசரத்துக்கு ஒரு வழி: பிரிண்டரின் டிப் ஸ்விட்சிலும் (செட்டிங் மாற்றும் குட்டி ஸ்விட்ச் வரிசை) கம்ப்யூட்டரிலும் வேகத்தை 2400-க்கு இறக்குங்கள். விநாடிக்கு 240 எழுத்துதான் வரும். தேங்குவது 40. பஃபர் நிரம்ப 25 விநாடிக்கு மேல் ஆகும், அதற்குள் 150 வரி அனுப்பிவிடலாம். 1200 வைத்தால் பிரிண்டரின் வேகத்தைவிடக் குறைவு, நிரம்பவே நிரம்பாது. கேபிளைத் தொடவே வேண்டாம்.

15 செப்டம்பர், இரவு 10.30

மேலே எழுதியதை அரை மனதாக வாபஸ் வாங்குகிறேன். பல வருஷம் நானே கடை கடையாகப் போய் இந்த வைத்தியத்தைச் செய்து 30 ரிங்கிட் வாங்கியிருக்கிறேன். பசியாறப் போகும் வழியில் முடித்துவிடும் வேலை. மூணு வயர் போதும் என்று நானே வாய் கூசாமல் சொல்லியும் இருக்கிறேன், அந்தப் பையனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

என்ன கோளாறு என்றால், பிரிண்டர் நிறுத்துவது பஃபர் நிரம்பினால் மட்டுமில்லை. பில்லுக்கு நடுவில் தாள் தீரும். மூடியைத் திறப்பார்கள். கார்பன் தாள் கோணலாக மாட்டி ஒருவர் ஆஃப்லைன் பட்டனை அழுத்துவார். அப்போது 1200 என்ன, 300-இல் அனுப்பினாலும் பிரிண்டர் எழுந்து வருவதற்குள் பில் ஓடிப்போயிருக்கும். மெதுவாகப் பேசுகிறவன் எதிராளியைக் கவனிக்கிறான் என்று சொல்ல முடியுமா?

ஒரு முறை நிபோங் திபாலில் ஒரு கடையில் வேகத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துக் கடைக்காரர் கூப்பிட்டார். தாள் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஐந்தாறு சாமான் பில்லில் இல்லாமல் போகிறதாம், வாடிக்கையாளர் யாரும் புகார் செய்யவில்லையாம். யார் செய்வார்கள்?

16 செப்டம்பர், செவ்வாய், காலை 10.20

மலேசியா தினம், லீவு. சரி, கேபிள்.

முதலில் பிரிண்டரைத் தனியாகச் சோதியுங்கள். பின்னால் 25 ஊசி சாக்கெட் இருக்கும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, 7-க்கும் 20-க்கும் நடுவில் அளந்து பாருங்கள். 7 கிரவுண்டு, 20 டிடிஆர், அதாவது பிரிண்டர் ‘நான் தயார்’ என்று சொல்லும் ஊசி. பிரிண்டர் ஆன்லைனில் இருக்கும்போது பிளஸ் காட்ட வேண்டும், ஆஃப்லைன் பட்டனை அழுத்தியதும் மைனஸுக்குப் புரள வேண்டும். பிளஸ் 3-இலிருந்து 15 வரை ஒரு பொருள், மைனஸ் 3-இலிருந்து 15 வரை எதிர்ப்பொருள், நடுவில் இருப்பது யாருக்கும் சொந்தமில்லாத நிலம். ஆர்எஸ்-232 என்ற சீரியல் விதி அப்படித்தான். 1960-இல் வந்த ஏற்பாடு, 1969-இல் ‘சி’ பதிப்பு. என்னைவிட மூத்தது.

புரண்டால் பிரிண்டர் கை நீட்டுகிறது என்று அர்த்தம். அந்த 20-ஐக் கம்ப்யூட்டர் பக்கம் 9 ஊசித் தலையில் 8-க்கும் 6-க்கும் சேர்த்துக் கொண்டுபோங்கள். 8 சிடிஎஸ், அனுப்பலாமா என்று கம்ப்யூட்டர் பார்க்கும் ஊசி. 6 டிஎஸ்ஆர், எதிர்ப்பக்கம் தயாரா என்று பார்க்கும் ஊசி. கம்ப்யூட்டரின் 4 பிரிண்டரின் 6-க்கு. கிரவுண்டு 5-இலிருந்து 7-க்கு. டேட்டா 2-ம் 3-ம் குறுக்கே.

16 செப்டம்பர், காலை 11.00

ஐயோ, குறுக்கே இல்லை! மன்னிக்கவும். 9 ஊசியில் 2 வாங்குவது, 3 அனுப்புவது. 25 ஊசியில் 2 அனுப்புவது, 3 வாங்குவது. எண்கள் முன்னமே தலைகீழாக இருப்பதால் 2-க்கு 2, 3-க்கு 3 என்று நேராகப் போட்டாலே குறுக்கே போட்டதாக ஆகிவிடும். இரண்டு தலையும் 9 ஊசியாக இருந்தால்தான் குறுக்கே. முப்பது வருஷமாகச் சால்டரிங் செய்கிறேன், இன்றும் தாளில் படம் போடாமல் தொட்டால் இந்த இடத்தில் வழுக்கிவிடுகிறது.

17 செப்டம்பர், புதன்

கிள்ளான் நண்பர் கேட்டிருக்கிறார்: ஹேண்ட்ஷேக் என்றால் அந்தக் காலத்தில் இன்டர்நெட்டுக்காக 1515-க்கு டயல் செய்தால் மோடம் கீச்சென்று கத்துமே, அதுவா?

அது வேறு. அது இரண்டு மோடமும் டெலிபோன் லைனில் என்ன வேகம் ஒத்துவரும் என்று பேரம் பேசும் சத்தம். நாம் பேசுவது கம்ப்யூட்டருக்கும் அதன் பக்கத்தில் இருக்கும் மோடத்துக்கும் நடுவில், சத்தமே இல்லாமல் நடப்பது. கம்ப்யூட்டர் 115200-இல் தள்ளும், அனுப்பும் பக்கம் டெலிபோன் லைன் பெரும்பாலும் 33600-க்கு மேல் தாங்காது. நடுவில் மாட்டிக்கொண்ட மோடம் சிடிஎஸ் வயரைக் கீழே இறக்கி ‘இரு’ என்று சொல்லும். உங்கள் பிரிண்டர் செய்வதும் அதுவே, வயர் மட்டும் வேறு.

19 செப்டம்பர், வெள்ளி, இரவு 12.10

கம்ப்யூட்டரிலிருந்து போகும் இன்னொரு ஹேண்ட்ஷேக் வயரான ஆர்டிஎஸ் என்றால் ‘அனுப்பட்டுமா’ என்று கேட்பது, ‘நான் வாங்கத் தயார்’ என்று சொல்வது இல்லை என்று ஒருவர் அடித்துப் பேசியிருக்கிறார். அவர் சொல்வது பழைய சட்டம். ஒரே லைனில் இரு பக்கமும் மாறி மாறிப் பேசும் மோடம் காலத்தில் கம்ப்யூட்டர் ஆர்டிஎஸ்ஸைத் தூக்கி அனுமதி கேட்கும், மோடம் லைனில் கேரியர் என்ற தொடர் ஒலியைப் போட்டுவிட்டு சிடிஎஸ்ஸில் ‘சொல்லு’ என்னும். அப்புறம் ஒரே நேரத்தில் இரு பக்கமும் பேசும் மோடம் வந்தது, அனுமதி கேட்கும் தேவை போனது, சும்மா கிடந்த வயரை ‘எனக்கு இடம் இருக்கிறது, அனுப்பு’ என்று சொல்ல எடுத்துக்கொண்டார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. தெருப் பெயர் மாதிரிதான்.

சும்மா கிடக்கும் வயர் என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய சீரியல் மவுஸுக்குத் தனிக் கரண்ட் வயர் கிடையாது, ஆர்டிஎஸ், டிடிஆர் வயர்களில் வரும் வோல்ட்டைக் குடித்தே உயிர் வாழும். ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டில் டிடிஆர் ஒரு கெப்பாசிட்டர் வழியாக ரீசெட்டுக்குப் போகிறது. போர்ட்டைத் திறந்தாலே போர்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். என் மகன் அதைப் பேய் என்று நினைத்து இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டான்.

20 செப்டம்பர், சனி

மீட்டர் கணக்கு வந்துவிட்டது. ஆன்லைனில் பிளஸ் 9.2, ஆஃப்லைனில் மைனஸ் 9.1. பார்த்தீர்களா, கிழடு இல்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. எக்ஸ்-ஆன், எக்ஸ்-ஆஃப். தனி வயர் வேண்டாம், பிரிண்டர் தன் டேட்டா வயரிலேயே 19 என்ற எண்ணை அனுப்பினால் ‘நிறுத்து’, 17 அனுப்பினால் ‘தொடரு’. கண்ட்ரோல்-எஸ், கண்ட்ரோல்-க்யூ என்று கீபோர்டில் அடிப்பதும் இதே எண்கள்தான். லினக்ஸ் டெர்மினலில் பழக்கதோஷத்தில் கண்ட்ரோல்-எஸ் அடித்துவிட்டு, மெஷின் ஹேங் என்று ரீபூட் செய்தவர்கள் கை தூக்குங்கள். நான் இரண்டு கையும் தூக்குகிறேன்.

ஆனால் கடையின் சின்னத்தைப் படமாக அச்சடித்தால் இது ஆகாது. படத்தின் டேட்டாவுக்குள் எங்காவது 19 இருக்கும், எல்லாம் நின்றுவிடும்.

21 செப்டம்பர், ஞாயிறு

கிள்ளான் நண்பர் பிடித்துவிட்டார். படம் போவது கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டருக்கு. ‘நிறுத்து’ வருவது பிரிண்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு. படத்துக்குள் இருக்கும் 19 எதிர்ப்பக்கம் போகிறது, கம்ப்யூட்டரின் காதில் விழாது. நேற்று எழுதியது தப்பு. பிரிண்டர் திருப்பி அனுப்பும் ஸ்டேட்டஸ் எண் தற்செயலாக 19 ஆக இருந்தால்தான் சிக்கல். தராசு, அளவுக் கருவி மாதிரி சாதனம் கம்ப்யூட்டருக்கு எண்களைக் கொட்டும் இடத்தில் அது நிஜமான கண்ணி.

இதை யோசிக்கும்போதே இன்னொன்றும் தோன்றியது, கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. பிரிண்டரிலும் கம்ப்யூட்டரிலும் எக்ஸ்-ஆன் எக்ஸ்-ஆஃப் போட்டிருந்தால் மூணு வயர் போதும்! உங்கள் பையன் சொன்னது சரி, நான்தான் அவன் சொன்னதைப் பாதியில் வெட்டிவிட்டேன். தம்பி, பிரிண்டரின் டிப் ஸ்விட்ச் அட்டவணையில் ஹேண்ட்ஷேக் என்று ஒரு வரி இருக்கும், அது எதில் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் கேபிள் தலையின் மூடியைக் கழற்றி உள்ளே படம் எடுத்து அனுப்புங்கள்.

22 செப்டம்பர், திங்கள்

படம் பார்த்தேன். மூணு வயர் என்றானே, உள்ளே சால்டரிங் பிடித்திருப்பது இரண்டுதான். பிரிண்டரிலிருந்து வரும் வயர் கத்தரித்து டேப் சுற்றிக் கிடக்கிறது. ‘பிரிண்டர் திருப்பிப் பேசாது, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்’ என்றானாம். இனி எந்த முறை போட்டு என்ன? வாயையும் கட்டிவிட்டான், கையையும் கட்டிவிட்டான்.

சனிக்கிழமை நானே வருகிறேன். எப்படியும் அந்தப் பக்கம் வர வேண்டும், மனைவி வெற்றிலை வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள்.

24 செப்டம்பர், புதன், இரவு 1.30

தூக்கம் வரவில்லை. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் கதை ஒன்று சொல்கிறேன், விஷயத்தோடு ஒட்டாவிட்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

அங்கே 1972-இல் தடையற்ற வர்த்தக வட்டாரம் திறந்த பிறகு வந்த சிப் தொழிற்சாலைகளில் ஒன்றில் நான் டெஸ்ட் ஃப்ளோர் டெக்னீஷியன். மெஷின்களுக்கும் ஹோஸ்ட் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஓடியது செக்ஸ்-ஒன் (SECS-I), சிப் தொழிற்சாலை மெஷின்கள் பேசிக்கொள்ளும் விதிமுறை. (பெயரைக் கேட்டு அப்போதே போதுமான அளவு சிரித்தாயிற்று, விட்டுவிடுங்கள்.) ஆர்எஸ்-232 வயர்தான், ஆனால் ஹேண்ட்ஷேக் வயரில் இல்லை, எழுத்தில். பேச விரும்புகிறவர் ‘என்க்யூ’ என்று ஓர் எழுத்து அனுப்புவார், பேசலாமா என்று. மற்றவர் ‘இஓடி’ அனுப்பினால் சரி, பேசு. அப்புறம் எத்தனை எழுத்து என்ற நீளம், அதிகபட்சம் 254, அப்புறம் செய்தி, கடைசியில் செய்தி கெடாமல் வந்ததா என்று சரிபார்க்கும் கூட்டுத்தொகை, செக்சம். சரியாக வந்தால் ‘ஆக்’, கெட்டு வந்தால் ‘நாக்’.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ‘பேசலாமா’ என்று கேட்டால்? அங்கேதான் எனக்குப் பிடித்த விதி இருக்கிறது. மெஷின் மாஸ்டர், கம்ப்யூட்டர் ஸ்லேவ். கம்ப்யூட்டர் தன் பேச்சை ஒத்திவைத்துவிட்டு மெஷினுக்கு வழி விட வேண்டும். ஹோஸ்ட்தான் பெரியவர் என்று நினைத்துக்கொண்டிருந்த எங்கள் ஐடி ஆட்களுக்கு இது ஜீரணமே ஆகவில்லை.

ஒரு நைட் ஷிப்ட்டில் ஒரு மெஷினில் லாட் (ஒரு தொகுதி சிப்) முடியும் சமயத்தில் மட்டும் தொடர்பு அறுந்துகொண்டே இருந்தது. எப்போதும் இல்லை, நாலைந்து லாட்டுக்கு ஒரு தடவை. கேபிளை மாற்றினோம், போர்டை மாற்றினோம். விடியற்காலை நாலு மணிக்கு, கையில் காப்பி ஓ, அனலைசரில் ஓடும் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தப் பக்கம் என்க்யூ. அந்தப் பக்கமும் என்க்யூ. பத்து விநாடி மௌனம். மறுபடி இரண்டு என்க்யூ. மறுபடி பத்து விநாடி. மூன்று ரிட்ரை முடிந்து, நாற்பது விநாடி கழித்து இருவரும் கை விட்டார்கள். யாரோ ஹோஸ்ட் பக்கத்து செட்டிங்கையும் மாஸ்டர் என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். லாட் முடிந்ததும் மெஷின் அறிக்கை சொல்ல வாயெடுக்கும், அதே நொடியில் ஹோஸ்ட் நிலவரம் கேட்கும். மற்ற நேரத்தில் இருவரும் ஒன்றாகப் பேசுவதில்லை, கோளாறு தெரியவில்லை.

ஒரே ஒரு வார்த்தையை மாற்றினேன். அறிக்கையில் ‘போர்டு மாற்றப்பட்டது’ என்று சூப்பர்வைசர் எழுதிக்கொண்டார்.

27 செப்டம்பர், சனி, இரவு 8.45

போய் வந்தேன். ஃபெரியிலிருந்து இறங்கி நடந்தேன். கடைக்குள் காய்ந்த மிளகாய் நெடி. மூக்கைத் துடைத்துக்கொண்டே ஐந்து வயரும் சால்டர் செய்து, நடுவில் என் லைட் பெட்டியைச் செருகினேன். ஒவ்வொரு வயருக்கும் ஒரு சின்ன விளக்கு, பிளஸ் என்றால் சிவப்பு, மைனஸ் என்றால் பச்சை. 61 வரி பில்லை அனுப்பச் சொன்னேன்.

அனுப்பும் வயரின் விளக்கு இரண்டு நிறமும் கலந்து படபடவென்று துடிக்கிறது. பிரிண்டர் நாலு வரிகூட முடிக்கவில்லை, சிடிஎஸ் விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்குப் புரண்டது. அதாவது பிரிண்டர் கை நீட்டிவிட்டது. அனுப்பும் விளக்கு நின்றதா என்றால் நிற்கவில்லை! அதே படபடப்பு. பில் பழையபடி கந்தல்.

கேபிள் சரியாக இருந்தும் பரிமாறுகிறவர் இலையைப் பார்க்கவில்லை. விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் தம்பி முன்னமே ஹார்டுவேர் என்று போட்டு வைத்திருந்தார், ஆனால் பில் போடும் புரோகிராம் போர்ட்டைத் திறக்கும்போது தன் சொந்த செட்டிங்கைப் போட்டால் அதுதான் செல்லும். புரோகிராமின் ஃபோல்டரில் ஒரு சின்ன செட்டிங் ஃபைல். அதில் ஃப்ளோ என்ற வரிக்கு எதிரே ‘நன்’ (none), அதாவது ஹேண்ட்ஷேக் எதுவும் வேண்டாம், என்று இருந்தது. புதிய கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்தபோது தானாக வந்தது, யாரும் தொடவில்லை.

அதை மாற்றிவிட்டு மறுபடி அனுப்பினோம். சிடிஎஸ் பச்சையானதும் அனுப்பும் விளக்கு டக்கென்று அசையாமல் நின்றது. பிரிண்டர் கடகடவென்று சில வரி அடித்தது, சிடிஎஸ் சிவப்பு, ஒரு துடிப்பு, மறுபடி பச்சை. கடைப்பையன்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு விளக்கைப் பார்க்க வந்துவிட்டார்கள். பில்லுக்கு நடுவில் வேண்டுமென்றே தாளை உருவினேன். எல்லாம் நின்றது. தாளைத் திரும்பப் போட்டு பட்டனை அழுத்தினேன், அடுத்த எழுத்திலிருந்து தொடர்ந்தது. 61 வரியும் இருந்தது, மொத்தத் தொகையும் இருந்தது.

முதலாளி காசு கொடுத்தார், வேண்டாம் என்றேன். ஒரு கிலோ முறுக்கு மாவைத் திணித்தார்.

28 செப்டம்பர், ஞாயிறு

கை நீட்டிய பிறகும் கொஞ்சம் எழுத்து வந்து விழாதா என்று கிள்ளான் நண்பர் கேட்கிறார். விழும். கரண்டியில் எடுத்தது இலைக்கு வந்தே தீரும். பழைய பிசியில் சீரியல் போர்ட்டைக் கவனிக்கும் 16550 சிப்பிலேயே 16 எழுத்து வரிசையில் நிற்கும். அதனால்தான் பிரிண்டர் பஃபர் விளிம்பு வரை நிரம்பக் காத்திருக்காமல், இடம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே கை நீட்டுகிறது.

28 செப்டம்பர், சற்றுப் பின்

எங்கே வெற்றிலை என்று வீட்டில் கேட்டார்கள். மறந்தே போனேன்.

4 அக்டோபர், சனி, மாலை

கடைத்தம்பியின் போன். பில் எல்லாம் சுத்தமாம், நேற்று 112 வரி ஒன்று போட்டார்களாம். ஆனால் முதலாளிக்கு இப்போது புதுக் குறை: பெரிய பில் போட்டால் கம்ப்யூட்டர் ‘ஹேங்’ ஆகிறது, பிரிண்டர் முடிக்கும் வரை அடுத்த வாடிக்கையாளருக்கு பில் திறக்க முடியவில்லை. முன்பு அப்படி இல்லையே, அந்த அண்ணன் வந்து தொட்ட பிறகுதான் இப்படி என்கிறாராம்.

முன்பு அது காத்திருக்கவே இல்லை, முதலாளி. அதுதான் கோளாறே! இதை அவரிடம் எப்படிச் சொல்வது? புரோகிராம் நேரடியாக போர்ட்டில் எழுதுகிறது, எழுதி முடியும் வரை திரை உறைந்து நிற்கிறது. நடுவில் ஒரு ஸ்பூலரை (பில்லை வாங்கி வைத்துக்கொண்டு பிரிண்டருக்கு மெதுவாக அனுப்பும் புரோகிராம்) வைத்தால் பில் அங்கே வரிசையில் நிற்கும், திரை விட்டுவிடும். அடுத்த சனி மறுபடி ஃபெரி. இந்தத் தடவை முதலில் வெற்றிலை.